ரெயின்போ அனிமே: மூன்றாவது எபிசோடில் நிறுத்துபவர்களும் கடைசிவரை கண் கலங்குபவர்களும்

ரெயின்போ என்ற ஜப்பானிய அனிமே (அனிமேஷன்) தொடரைப் பார்த்த இரண்டு பேரிடம் கருத்துக் கேட்டால், இருவரும் வேறு வேறு தொடரைப் பார்த்தார்களோ என்று சந்தேகம் வரும். ஒருவர் "இந்த அளவுக்கு மனசைப் பிசைந்த அனிமே வேறு இல்லை" என்பார். இன்னொருவர் "அழ வைக்கணும்னே உட்கார்ந்து எழுதியிருக்காங்க, மூணு எபிசோடுக்கு மேல தாங்கல" என்பார். காரணம் கேட்டால் இரண்டு பேரும் ஒரே காட்சிகளைத்தான் சொல்வார்கள்: அதே அடி, அதே அழுகை, அதே பின்னணிக் குரல், அதே உறைந்து நிற்கும் படம். ஒருவரை உள்ளே இழுத்த அதே உத்திதான் இன்னொருவரை வெளியே தள்ளுகிறது. அந்த உத்திகள் எப்படி வேலை செய்கின்றன, எங்கே சறுக்குகின்றன, எப்படிப் பார்த்தால் தொடர் தாங்கும் என்பதை இங்கே விரிவாக எழுதுகிறேன். கதையின் நடுவில் வரும் பெரிய திருப்பத்தைத் தவிர்த்துவிட்டு இந்தத் தொடரைப் பேச முடியாது. ஸ்பாய்லர் வேண்டாம் என்பவர்கள் முதல் 13 எபிசோடை முடித்துவிட்டு வாருங்கள்.

முதலில் அடிப்படைத் தகவல்கள். 2010 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை நிப்பான் டிவியில் பின்னிரவு நேரத்தில் ஒளிபரப்பானது. மொத்தம் 26 எபிசோட். தயாரிப்பு மேட்ஹவுஸ், இயக்கம் ஹிரோஷி கோஜினா. அடுத்த ஆண்டு தொடங்கிய ஹன்டர் x ஹன்டர் தொடரின் 148 எபிசோடையும் இயக்கியவர் இவர்தான். திரைக்கதைக்கான ஒட்டுமொத்த அமைப்பு ஹிதேயோ தகயாஷிகி. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும். மூலம் ஒரு மங்கா (ஜப்பானிய காமிக்ஸ்): கதை ஜார்ஜ் அபே, ஓவியம் மசசுமி ககிசகி, 2002 முதல் 2010 வரை வந்தது, 22 தொகுதிகள். 51ஆவது ஷோககுகான் மங்கா விருதையும் பெற்றது. அபே சிறை வாழ்க்கையைக் கேள்விப்பட்டு எழுதியவர் அல்ல. யாகுசா என்ற ஜப்பானியக் குற்றக் கும்பலில் இருந்து, சிறைக்குள் இருந்து, வெளியே வந்து 1980களில் சிறை அனுபவங்களை எழுதிப் பெயர் வாங்கியவர். 2019இல் காலமானார்.

கதை நடப்பது 1955இல். ஷோனான் சிறப்புச் சீர்திருத்தப் பள்ளிக்கு ஆறு பையன்கள் கொண்டுவரப்படுகிறார்கள். எல்லோரும் பதினாறு, பதினேழு வயதுக்காரர்கள். இரண்டாம் கட்டடம், ஆறாம் அறை. அங்கே ஏற்கெனவே ரொகுரோதா சகுராகி இருக்கிறான். வயதில் மூத்தவன், குத்துச்சண்டை தெரிந்தவன். முதல் சந்திப்பிலேயே அடிதடி, சில நாளில் எல்லோருக்கும் அவன் அண்ணன். எதிரே நிற்பவர்கள் இரண்டு பேர்: காவலர் இஷிஹாரா, மருத்துவர் சசாகி. ஒரு பையனின் சாவுக்குச் சசாகிதான் காரணம் என்பது சகுராகிக்குத் தெரியும். அவன் உயிரோடு வெளியே போனால் சசாகிக்கு ஆபத்து. முதல் பாதி முழுவதும் இந்த ஒரு முடிச்சில்தான் ஓடுகிறது.

முதல் எபிசோடிலேயே ஒரு கூட்டம் எழுந்து போய்விடும். உள்ளே வந்த பையன்களுக்கு உடல் சோதனை என்ற பெயரில் மருத்துவர் செய்யும் அவமானம் அதில் வருகிறது. காட்சி நீளமானது இல்லை, வெளிப்படையாக எதையும் காட்டுவதும் இல்லை. ஆனால் கேமரா பையன்களின் முகத்தை விட்டு நகராது. பற்களைக் கடிக்கும் தாடை, சுவரைப் பார்க்கும் கண், வரிசையில் அடுத்து நிற்பவனின் தொண்டை ஏறி இறங்குவது, அவ்வளவுதான். நடப்பதை மறைத்துவிட்டு அதை வாங்கிக்கொள்ளும் முகத்தை மட்டும் காட்டும்போது பார்ப்பவர் மீதியைத் தானே நிரப்பிக்கொள்கிறார். அதனால்தான் ரத்தம் தெறிக்கும் அனிமேக்களைச் சாதாரணமாகப் பார்ப்பவர்கள்கூட இங்கே திணறுகிறார்கள். தெரிந்தவர்களுக்குப் பரிந்துரை செய்யும்போது "கொஞ்சம் டார்க்" என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். பையன்கள் மீதான பாலியல் வன்முறை, தற்கொலை, அதிகாரிகள் கட்டிவைத்து அடிப்பது, மூன்றும் இதில் உண்டு, மூன்றும் முதல் சில எபிசோடுகளிலேயே தலைகாட்டிவிடும். இதில் எதுவாவது தன் வாழ்க்கையில் பட்ட ஒருவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் போய் மாட்டிக்கொண்டவர்களின் கோபம் நியாயமானது. அந்தக் கோபம் தொடரைவிட அதைப் பரிந்துரைத்தவர் மீதே போக வேண்டியது.

அடுத்து பின்னணிக் குரல். ரெயின்போ மீதான குறைகளில் அதிகம் கேட்கக் கிடைப்பது இதுதான். ஒருவன் அழுகிறான், ஏன் அழுகிறான் என்பது பச்சைக் குழந்தைக்கும் புரிகிறது, அப்போதும் ஒரு பெண் குரல் வந்து அவன் நெஞ்சுக்குள் என்ன ஓடுகிறது என்று விளக்கும். இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் தகயாஷிகியின் பெயர் வருகிறது. அகாகி, கைஜி, ஒன் அவுட்ஸ் ஆகிய மேட்ஹவுஸ் தொடர்களுக்கும் திரைக்கதை அமைப்பு அவருடையதுதான். அகாகியிலும் கைஜியிலும் பின்னணிக் குரல்தான் பாதி விறுவிறுப்பு. சூதாட்டத்தில் மேசைக்கு எதிரே இருப்பவன் கையில் என்ன இருக்கிறது, இவன் எதைக் கணக்குப் போடுகிறான் என்பதை முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும். அங்கே குரல் தகவல் தருகிறது. ரெயின்போவில் மறைந்திருக்கும் கணக்கு எதுவும் இல்லை, முகத்திலேயே எல்லாம் எழுதியிருக்கிறது. அதே கருவியை இங்கே கொண்டுவந்தபோது அது ஏற்கெனவே தெரிந்ததையே திரும்பச் சொல்கிறது. என் பார்வையில் தொடரின் உண்மையான பலவீனம் இதுதான்.

அதைக் கொஞ்சமாவது காப்பாற்றுவது குரல் கொடுத்தவர். மெகுமி ஹயாஷிபாரா. எவாஞ்சலியனின் ரெய் அயனாமி, கவ்பாய் பீபாப்பின் ஃபே வாலன்டைன் என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும். அவர் அழவே இல்லை. குரலை உயர்த்துவதும் இல்லை. பல ஆண்டுகளுக்குப் பிறகு நடந்ததைச் சொல்லும் ஒரு மூத்த பெண்ணின் நிதானத்தில் பேசுகிறார். ஏழு ஆண்கள் கத்துகிற ஒரு கதையில் அந்த நிதானம் பெரிய ஆறுதல். சகுராகிக்கு ரிக்கியா கோயாமா, ஆறு பையன்களில் ஒருவனான மரியோவுக்கு ஷுன் ஒகுரி. கோயாமா ஜப்பானிய டப்பிங்கில் '24' தொடரின் ஜாக் பவருக்குக் குரல் கொடுத்தவர், ஒகுரி திரைப்பட நடிகர். பின்னணிக் குரல் எரிச்சலூட்டுகிறது என்பவர்கள் டப் பதிப்பை விட்டு ஜப்பானியக் குரலுக்கு மாறிப் பாருங்கள். சொல்லப்படும் விஷயம் அதேதான், ஆனால் ஹயாஷிபாராவின் குரலில் அது பாதி இசையாகிவிடுகிறது.

இன்னொரு காரணமும் உண்டு, இதைப் பலர் கவனிப்பதில்லை. வாரத்துக்கு ஒரு எபிசோட் என்று அரை வருடம் ஓடிய தொடர் இது. போன வாரம் யார் என்ன செய்தான் என்பதை நினைவூட்ட வேண்டிய தேவை அன்று இருந்தது. இன்று ஒரே இரவில் ஆறு எபிசோடைத் தள்ளினால் அந்த நினைவூட்டல் எல்லாம் குவிந்து காதில் விழுகிறது. எபிசோடுகளின் அமைப்பும் அப்படித்தான். கடைசி இரண்டு நிமிடத்தில் ஒரு பெரிய அடி விழும், அடுத்த எபிசோடின் பாதியில் அது அவிழும், மறுபடி கடைசியில் ஓர் அடி. ஒரு வாரம் இடைவெளி இருந்தால் அது பதற்றம். இருபது நிமிடத்துக்கு ஒரு முறை வந்தால் சூத்திரம் பளிச்சென்று தெரிந்துவிடும், "அடுத்து எவன் அடி வாங்கப் போறான்" என்று மனம் கணக்குப் போட ஆரம்பிக்கும். அந்தக் கணக்கு தொடங்கிய பிறகு எந்த மெலோடிராமாவும் எடுபடாது. ஒரே மூச்சில் பார்த்தவர்களிடம்தான் "ஓவர்" என்ற சொல் அதிகம் வருகிறது. இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆகவே நான் சொல்லும் முறை இது. ஒரு நாளைக்கு இரண்டு எபிசோடுக்கு மேல் வேண்டாம். ஓப்பனிங், எண்டிங் பாடல்களைக் கழித்தால் ஒரு எபிசோட் ஏறக்குறைய 21 நிமிடம்தான், இரண்டு பார்த்தாலும் முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். முதல் நாள் மட்டும் விதிவிலக்காக மூன்று பாருங்கள். முதல் எபிசோட் தனியாகப் பார்த்தால் வெறும் சித்திரவதைப் படம்போல் நிற்கும். ஏழு பேரும் தனித்தனி ஆட்களாகப் பிடிபடத் தொடங்குவது அதற்குப் பிறகுதான். மூன்று பார்த்தும் ஒட்டவில்லை என்றால் தாராளமாக நிறுத்திவிடலாம், ஏனென்றால் தொடரின் தொனி அதன் பிறகு மாறப்போவதில்லை. ஒட்டிவிட்டால் முதல் பாதியை ஒரு வாரத்தில் முடியுங்கள், இரண்டு மூன்று நாள் விட்டுவிட்டு இரண்டாம் பாதியைத் தொடங்குங்கள். அந்த இடைவெளி ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

திரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. "ஒண்ணுமே தெரியல, எல்லாம் இருட்டு" என்ற குறை அடிக்கடி வருகிறது. தொடர் முழுக்கவும் பழுப்பு, கரும்பச்சை, சாம்பல் நிறங்கள்தான். பாதிக் காட்சிகள் இரவில், மின்விளக்கு இல்லாத அறையில். பகலில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனில் பார்த்தால் அறையின் மூலையில் நிற்பவனின் முகமே தெரியாது. ஸ்ட்ரீமிங்கில் தரம் குறைந்தால் கறுப்புப் பகுதிகள் கட்டம் கட்டமாக உடையும். இரவில், அறை விளக்கை மங்கலாக்கி, கொஞ்சம் பெரிய திரையில் பாருங்கள். டிவியில் தானியங்கி கான்ட்ராஸ்ட் இருந்தால் அணைத்துவிடுங்கள், அது இருட்டை இன்னும் இருட்டாக்கும். போனில் இரவு நேரத்துக்கான மஞ்சள் வெளிச்சம் போட்டிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே பழுப்பாக இருக்கும் படம் அதில் சேறாகிவிடும்.

இந்த நிறங்களுக்கு நடுவே திடீரென்று படம் நின்றுபோகும். ஒரு குத்து விழும் நொடியில், அல்லது ஒருவன் கண்ணீரை அடக்கும் நொடியில், அசைவு அறுந்து, கோடுகள் முரட்டு ஓவியமாக மாறி, சில விநாடி அப்படியே நிற்கும். செலவை மிச்சப்படுத்தும் வேலை என்று சிலர் இதைத் தள்ளிவிடுகிறார்கள். இதற்கு நீண்ட வம்சாவளி இருக்கிறது. ஒசாமு தெசாகி 1970களில் வளர்த்தெடுத்த உத்தி இது. 1972இல் மேட்ஹவுஸைத் தொடங்கியவர்களில் தெசாகியும் ஒருவர். அதாவது அந்த ஸ்டுடியோ தன் சொந்தச் சொத்தைத்தான் இங்கே எடுத்துப் பயன்படுத்துகிறது. ககிசகியின் மங்காவில் மை அடர்த்தி மிக அதிகம். முகத்தின் ஒவ்வொரு சுருக்கத்துக்கும் குறுக்குக் கோடுகள் போட்டு நிரப்பியிருப்பார். அத்தனை கோடுகளையும் அசையும் படத்தில் கொண்டுவர முடியாது. ஆகவே அசையும்போது எளிமையாகவும், நிற்கும்போது மங்காவின் முழு அடர்த்தியோடும் வருகிறது. இந்த உறைந்த படங்களை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். தொடரில் நெஞ்சில் தங்கும் பத்துக் காட்சிகளை எடுத்தால் பாதிக்கு மேல் இவைதான்.

ஓப்பனிங் பாடலைப் பற்றியும் ஒரு சண்டை உண்டு. நகோயாவைச் சேர்ந்த கோல்ட்ரெயின் என்ற ராக் குழு ஆங்கிலத்தில் பாடியிருக்கிறது. எண்டிங் கால்னெரியஸ் என்ற மெட்டல் குழுவுடையது. 1955 ஜப்பானுக்கு இந்த கிட்டார் சத்தம் பொருந்துமா என்று கேட்கிறார்கள். எனக்கு ஓப்பனிங்கில் குறையே இல்லை. எண்டிங்கை மட்டும் கனமான எபிசோடுகளுக்குப் பிறகு தவிர்ப்பது நல்லது, அந்த நிமிடத்துக்குத் தேவையான அமைதியை அது கெடுத்துவிடுகிறது.

இனி மிகப் பெரிய குற்றச்சாட்டு: "எந்த அதிகாரியாவது இவ்வளவு கொடூரமாக இருப்பானா? இஷிஹாரா, சசாகி எல்லாம் கார்ட்டூன் வில்லன்கள்." இதில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. இப்படி நடக்குமா என்பது ஒன்று. நடந்தால் அதை இப்படித்தான் எழுத வேண்டுமா என்பது இன்னொன்று.

நடக்குமா என்றால், நடந்திருக்கிறது. இந்தத் தொடர் ஒளிபரப்பாவதற்கு முந்தைய ஆண்டான 2009இல், ஹிரோஷிமா சீர்திருத்தப் பள்ளியில் பயிற்றுநர்கள் பையன்களைத் தொடர்ந்து அடித்து வதைத்தது வெளியே வந்தது. பயிற்றுநர்கள் கைதாகி வழக்கு நடந்தது. அதைத் தொடர்ந்து கிளம்பிய விவாதத்தின் முடிவில் 2014இல் புதிய சட்டம் வந்து 2015 ஜூனில் அமலுக்கு வந்தது. வெளியாட்கள் அடங்கிய பார்வையாளர் குழு ஒவ்வொரு பள்ளிக்கும் அதில்தான் கட்டாயமாக்கப்பட்டது. அதுவரை நடைமுறையில் இருந்தது 1948இல் இயற்றிய சட்டம். அதாவது 1955இல் நடக்கும் ரெயின்போவின் பள்ளியும் 2009இல் செய்தியில் அடிபட்ட பள்ளியும் ஒரே சட்டத்தின் கீழ் இருந்தவை. 2010இல் ஜப்பானியப் பார்வையாளர் இதைப் பழங்கதையாக மட்டும் பார்த்திருக்க முடியாது.

அந்த 1948 சட்டத்தை ஓரளவு தெரிந்துகொண்டால் தொடரில் குழப்பும் சில விஷயங்களும் தெளியும். சீர்திருத்தப் பள்ளிகளை அது தொடக்கநிலை, இடைநிலை, சிறப்பு, மருத்துவம் என்று நான்காகப் பிரித்தது. 'சிறப்பு' என்பது சலுகை இல்லை. குற்றப் போக்கு முற்றியவர்கள் என்று கருதப்பட்ட, ஏறக்குறைய 16 முதல் 23 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான இடம். ஏழு பேரும் எங்கே வைக்கப்பட்டார்கள் என்பதன் கனம் இதில் தெரியும். இரண்டாவது, இங்கே அனுப்புவது குடும்ப நீதிமன்றம், அது சட்டப்படி தண்டனை இல்லை, பாதுகாப்பு நடவடிக்கை. ஆகவே இன்ன தேதியில் வெளியே வருவான் என்று கல்லில் பொறித்த ஆண்டுக்கணக்கு கிடையாது. உள்ளே இருப்பவர்கள் எழுதும் நடத்தை அறிக்கைக்கு உயிர்நாடியான மதிப்பு வருவது இதனால்தான். "அடிச்சா திருப்பி அடிக்க வேண்டியதுதானே, ஏன் பொறுத்துப்போறாங்க" என்று கேட்பவர்களுக்குப் பதில் இங்கே இருக்கிறது. ஒரு காவலரின் கையெழுத்து வெளியே போகும் நாளைத் தள்ளிப்போடும்.

ஆனால் இரண்டாவது கேள்வியில் குறை சொல்பவர்கள் பக்கம் நான் நிற்கிறேன். கொடுமை உண்மை என்பதால் கொடுமைக்காரன் தட்டையாக இருக்கலாம் என்று ஆகிவிடாது. இஷிஹாராவுக்குத் திரையில் வரும்போதெல்லாம் வியர்வை, பிதுங்கிய கண், கோணல் வாய். சசாகிக்குக் கண்ணாடி மின்னல், மெல்லிய சிரிப்பு. பார்த்தவுடனே வில்லன் என்று தெரிகிறவனிடம் பயம் வரும், திகில் வராது. பையன்களின் பக்கமும் இதே சாய்வு இருக்கிறது. ஏழு பேரின் குற்றத்துக்கும் பார்வையாளர் மன்னித்துவிடக்கூடிய பின்கதைதான் கொடுக்கப்பட்டிருக்கிறது. உண்மையிலேயே தப்புச் செய்தவன், திருந்த விருப்பமில்லாதவன், ஆனாலும் அடிக்கப்படக் கூடாதவன், அப்படி ஒருவன் அந்த அறையில் இருந்திருந்தால் தொடர் இன்னும் உயரத்துக்குப் போயிருக்கும். செவிலி செட்சுகோவையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கருணையைத் தவிர வேறு வேலை அவருக்குக் கொடுக்கப்படவில்லை. இந்தக் கதையில் பெண்களுக்கு இடம் மிகக் குறைவு, கிடைத்த இடமும் ஆண்களின் காயத்துக்கு மருந்து போடத்தான்.

இத்தனைக்கும் பிறகு மெலோடிராமா என்ற முறையே தவறா என்று கேட்டால், இல்லை என்பேன். இரண்டாம் உலகப் போர் முடிந்திருந்த அந்தக் காலத்தைப் பாருங்கள். 1948இல் ஜப்பான் அரசு எடுத்த கணக்கில் பெற்றோர் இல்லாத குழந்தைகள் 1,23,511 பேர். டோக்கியோவின் உவேனோ ரயில் நிலையச் சுரங்கப்பாதையில் தூங்கி, ஷூ துடைத்து, திருடிப் பிழைத்த தலைமுறை அது. அதற்கு முந்தைய ஆண்டு, கறுப்புச் சந்தையில் உணவு வாங்குவதில்லை என்று பிடிவாதமாக இருந்த யமகுச்சி யோஷிதாதா என்ற நீதிபதி பட்டினியில் செத்துப்போனார். சட்டத்தை அப்படியே கடைப்பிடித்தால் உயிர் பிழைக்க முடியாது என்ற நிலை. இளைஞர் குற்றங்கள் போருக்குப் பிறகு முதல் உச்சத்தைத் தொட்டது 1951இல். ரெயின்போவின் பையன்கள் அந்த வருடத்தில் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் இருந்திருப்பார்கள். அடக்கி வாசிக்கும் கதைமுறை இந்த வாழ்க்கைக்குப் பொருந்தியிருக்காது. அழுது, கத்தி, ஒருவன் தோளை ஒருவன் பிடித்துக்கொண்டு பிழைத்தவர்களின் கதையை அதே சுருதியில்தான் சொல்லியிருக்கிறார்கள்.

ஜோ என்ற பையனை எடுத்துக்கொள்ளுங்கள். கலப்பினப் பிள்ளை, தங்கை மெக் மீது உயிர், பாடகனாக வேண்டும் என்பது கனவு. முதல் பாதியில் தங்கையைப் பார்க்க அவன் துடிக்கும் பகுதியைத்தான் மிகை நாடகம் என்று பலர் சுட்டுகிறார்கள். அவன் குடும்பப் பெயர் யோகோசுகா. அமெரிக்கக் கடற்படைத் தளம் இருக்கும் ஊரின் பெயரும் அதுவே. அந்த ஊர் இருக்கும் கனகாவா மாநிலத்தில், பள்ளியின் பெயரில் வரும் அதே ஷோனான் கடற்கரையில், ஒய்சோ என்ற இடத்தில் 1948இல் எலிசபெத் சாண்டர்ஸ் இல்லம் என்ற அனாதை இல்லம் தொடங்கப்பட்டது. தொடங்கியவர் சவாதா மிகி. போருக்குப் பிறகு ஜப்பானில் இருந்த ஆக்கிரமிப்புப் படையினருக்கும் ஜப்பானியப் பெண்களுக்கும் பிறந்து கைவிடப்பட்ட குழந்தைகளுக்காகவே அந்த இல்லம். இத்தனை நிஜம் சுற்றிலும் இருக்கும்போது, ஜோவின் அழுகை அந்த ஊரின் வரலாற்றிலிருந்து நேராக எழுந்து வருவதுபோல்தான் எனக்குத் தெரிகிறது.

இப்போது நடுவில் வரும் அந்த அடி. சகுராகி குத்துச்சண்டையில் ஜெயிப்பான் என்று எல்லா அறிகுறிகளும் கூடிவரும் நேரத்தில் இஷிஹாரா அவனைக் கொன்றுவிடுகிறான். தொடரைப் பார்த்தவர்களில் கணிசமானவர்கள் இங்கேதான் உடைகிறார்கள், இங்கேதான் தொடரை மூடியும் வைக்கிறார்கள். "அவனே போயிட்டான், இனி என்ன இருக்கு?"

சிறையில் தொடங்கும் குத்துச்சண்டைக் கதையில் மூத்தவன் பாதியில் சாவது ஜப்பானிய மங்காவுக்குப் புதிதல்ல. 1968 முதல் 1973 வரை வந்த 'அஷிதா நோ ஜோ' என்ற மங்காவில் நாயகனும் அவன் எதிரி ரிகிஷியும் சந்திப்பது சீர்திருத்தப் பள்ளியில்தான். ரிகிஷி இறந்தபோது வாசகர்கள் தாங்க முடியாமல், 1970 மார்ச்சில் பதிப்பகமான கோதன்ஷாவின் கட்டடத்திலேயே அவனுக்கு நிஜமான இறுதிச் சடங்கு நடந்தது. கவிஞரும் நாடகக்காரருமான ஷுஜி தெராயாமா முன்னின்று நடத்தினார், நூற்றுக்கணக்கானோர் வந்தார்கள். கற்பனைப் பாத்திரத்தின் சாவுக்கு ஒரு சமூகம் இப்படிக் கூடி அழுததற்குப் பின்னால் எழுதப்பட்டதுதான் ரெயின்போ. எழுதியவர்களுக்கு அந்தச் சாவின் எடை தெரிந்தே இருந்திருக்கும்.

வித்தியாசம் என்னவென்றால், ரெயின்போவில் செத்தவன் எதிரி இல்லை, கதையின் தூண். தூணை எடுத்த பிறகு மீதி 13 எபிசோட். இங்கேதான் நான் மேலே சொன்ன இடைவெளி. அழுத கையோடு 14ஆவது எபிசோடைப் போட்டால், புதிய கதை முந்தையதன் நிழலில் மங்கலாகத் தெரியும். இரண்டாம் பாதி வேறு தாளத்தில் ஓடுகிறது. சுவர்கள் இல்லை, ஒரே வில்லன் இல்லை. ஆறு பேரும் வெளி உலகில் ஆளுக்கொரு பக்கம் பிழைக்கப் போகிறார்கள், சில எபிசோடுக்கு ஒருவர் என்று கதை மாறி மாறிப் போகிறது. மரியோ அண்ணனின் குத்துச்சண்டைக் கனவைத் தூக்கிக்கொள்கிறான், கையில் பட்ட காயம் குறுக்கே நிற்கிறது. 'சோல்ஜர்' என்ற பட்டப்பெயர் கொண்டவன் உண்மையிலேயே படையில் சேர்கிறான். ஜப்பானின் தற்காப்புப் படை 1954இல்தான் உருவானது. 'கேபேஜ்' தொழில்முறை மல்யுத்தத்துக்குப் போகிறான். 1954இல் ரிகிதோசான் வெளிநாட்டு மல்லர்களோடு மோதியதைத் தெருவோரத் தொலைக்காட்சிகளின் முன் ஜனம் முண்டியடித்துப் பார்த்த காலம் அது. ஜோ பாட்டுப் பாடும் வாய்ப்பைத் தேடி அலைகிறான்.

"இரண்டாம் பாதி போரடிக்குது" என்ற கருத்து எனக்கு ஏற்புடையது அல்ல. முதல் பாதியில் பையன்களுக்கு நடக்கும் எல்லாம் அடுத்தவர்கள் செய்வது. அவர்களுக்குத் தாங்குவதைத் தவிர வேறு வழி இல்லை. இரண்டாம் பாதியில்தான் அவர்கள் முடிவெடுக்கிறார்கள், தப்பாகவும் எடுக்கிறார்கள், காசுக்காகத் தலைகுனிகிறார்கள். சீர்திருத்தப் பள்ளியில் இருந்தவன் என்று தெரிந்ததும் வெளியுலகம் பார்க்கும் பார்வை அடியைவிட மெதுவாக வலிக்கிறது. கதை அடுத்தடுத்து ஆள் மாறுவதால் ஒரே மூச்சில் பார்க்கும் கட்டாயமும் இல்லை. ஒரு ஆளின் கதை முடிந்ததும் நிறுத்துங்கள், மறுநாள் அடுத்தவனிடம் போங்கள். ஒரு குறை மட்டும் சொல்ல வேண்டும்: எல்லோருக்கும் சம நேரம் கிடைக்கவில்லை. மரியோவுக்கும் ஜோவுக்கும் தாராளமாகக் கொடுத்துவிட்டு மற்றவர்களைக் கொஞ்சம் அவசரமாக முடிக்கிறார்கள்.

26ஆவது எபிசோட் முடிந்ததும் "அப்புறம் என்ன ஆச்சு?" என்ற கேள்வி வரும். மங்காவின் 22 தொகுதிகளையும் அனிமே எடுக்கவில்லை, ஆறு பேரின் வாழ்க்கை அதில் இன்னும் நீள்கிறது. விட்ட இடத்திலிருந்து மட்டும் படிக்கலாம் என்று நடுத்தொகுதி ஒன்றைத் தேடி எடுக்காதீர்கள். முதல் தொகுதியிலிருந்தே தொடங்குங்கள். அனிமேயில் சில விநாடி மட்டும் கிடைத்த அந்த முரட்டுக் கோடுகள் மங்காவில் பக்கத்துக்குப் பக்கம் இருக்கின்றன, பின்னணிக் குரலின் தொந்தரவும் அங்கே ரொம்பக் குறைவு. மூன்றாவது எபிசோடில் வெளியேறியவர்களில் குரலும் வேகமும்தான் பிரச்சினை என்று சொன்னவர்கள் மங்காவை முயன்று பார்க்கலாம். சம்பவங்களையே தாங்க முடியவில்லை என்றவர்களுக்கு அதையும் சொல்ல மாட்டேன். ககிசகியின் மை எதையும் மென்மையாக்கித் தருவதில்லை.